பஞ்சவர்ணத்தின் கையில் ஏறிய கண்மாய்

எங்கள் கொழுமங்கலத்துக் கண்மாய் பஞ்சவர்ணத்தின் இடது கையில் ஏறியது ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமைதான் என்று சொல்கிறவர்களும் உண்டு, இல்லை, அது எப்போதோ ஏறிவிட்டது, அன்றைக்குத்தான் நமக்குத் தெரிய வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. கண்மாய்க்கு மேல்மடை, கீழ்மடை என்று இரண்டு மடைகள் இருப்பதால், மேல்மடையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஒன்று சொன்னால் கீழ்மடையில் பாய்ச்சுகிறவர்கள் வேறொன்று சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பஞ்சவர்ணத்துக்கு இரண்டு மடையிலும் நிலம் கிடையாது. அவள் தையற்காரி. புருஷன் சோணைமுத்து கொத்தனார், வேலை கிடைக்கும் ஊருக்குப் போய்விட்டுச் சனிக்கிழமை வருவார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள், அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள், ஆறு ஊசி போட்டார்கள், இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். ஊரிலிருந்து ஐந்து பேர் வேன் பிடித்துப் போய் ரத்தம் கொடுத்தோம். அவள் மொட்டைத் தலையோடு திரும்பி வந்த அன்று பஸ் நிறுத்தத்திலேயே சூடம் சுற்றித் தேங்காய் உடைத்து, பொழச்சு வந்துவிட்டாள் என்று சொல்லி, அந்த விஷயத்தை நாங்கள் அத்தோடு முடித்துக்கொண்டோம்.

உடம்பு முடித்துக்கொள்ளவில்லை. தலைமுடி வளர்ந்தது, விரல் நுனியில் உணர்ச்சி வளரவில்லை. ஊசி குத்தினால் துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும், செருப்பு காலை விட்டுக் கழன்று போனால் எதிரே வருகிறவர் சொல்லித்தான் தெரியும். முப்பத்தொன்பது வயதிலேயே மாதவிலக்கு நின்று, மார்கழிக் குளிரிலும் திடீரென்று வேர்த்து ஊற்றியது. எலும்பெல்லாம் அறுபது வயதுக்காரியின் எலும்பாகிவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தோள்பட்டையில் கரண்ட் வைத்த இடம் இறுகிப் போய், பரண்மேலிருக்கும் நூல்பெட்டியை எடுக்க முக்காலி போட வேண்டியிருந்தது. அளவெடுத்துவிட்டு நோட்டில் எழுதத் திரும்புவதற்குள் அளவு மறந்து போனது. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அசதி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, அவளோடு ஏழு வருஷமும் குடியிருந்தது. இதையெல்லாம் ஆரம்பத்தில் எங்களிடம் சொல்லிப் பார்த்தாள். "அதான் பொழச்சு வந்துட்டியேத்தா, இன்னும் என்ன?" என்றோம். மூன்றாவது வருஷம் சொல்வதை நிறுத்தினாள், நாங்களும் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

இடது கை வீங்கத் தொடங்கியது அந்த மூன்றாவது வருஷத்தில்தான். முடிச்சுகளை எடுத்த பிறகு நீர் இறங்க வழி தெரியாமல் கையிலேயே தங்கிவிடுகிறது என்று மதுரை ஆஸ்பத்திரியில் ஜெனிபர் என்ற பிசியோதெரபிப் பெண் விளக்கினாள். இறுக்கமான ரப்பர்நூல் உறை ஒன்றைக் கொடுத்து, பகலெல்லாம் போட்டுக்கொள்ளச் சொல்லி, விரலிலிருந்து தோள்வரை நீவிவிடக் கற்றுக்கொடுத்து, அந்தக் கையில் வளையல் கூடாது, ஊசி கூடாது, பாரம் கூடாது, வாரத்துக்கு ஒரு தடவை அளந்து எழுத வேண்டும் என்றாள். அளப்பதற்குத் தையற்காரிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? வெள்ளிக்கிழமைதோறும் முழங்கைக்கு நாலு விரல் மேலே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, டேப்பைச் சுற்றி, ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் அளவுகளுக்கு நடுவிலேயே தன் கையையும் எழுதி வந்தாள்.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை மாயழகு தன் பெண்சாதியின் ஜாக்கெட்டை வாங்க வந்தார். மாயழகு எங்கள் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துப் பாய்ச்சுவதும் அவர் வேலை. ஊர் நிலம் முழுவதற்கும் தண்ணீர் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு பாத்திகூடக் கிடையாது. அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த அளவை உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் கை அளவுண்ணே. போன வாரம் பன்னெண்டு இஞ்சு, இன்னைக்குப் பதிமூணேகால்."

"பத்தைக் கழிச்சா இது என் கண்மாயில்ல? போன வாரம் ரெண்டடி நின்னுச்சு. இன்னைக்கு மூணேகால்."

பஞ்சவர்ணம் நூலைக் கடித்து அறுத்தாள். "அப்ப ஆத்துத் தண்ணி வந்துருச்சா?"

"விடியக்காலம் வந்துச்சு."

"அதான் விடியக்காலத்துல இருந்து கை கனக்குது."

மாயழகு ஜாக்கெட்டை மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு போய், வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் கண்மாய் பஞ்சவர்ணத்தின் கையில் ஏறியிருக்கிறது என்று சொன்னார். கேட்டவர்கள், எத்தனை அடி என்று கேட்டார்கள்.

இப்படி ஓர் ஏற்பாடு எங்களுக்குத் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கண்மாயில் நாட்டியிருந்த அளவுக்கல்லின் கோடுகளை அரத்தால் ராவி மாற்றிவிட்டார்கள் என்று மேல்மடையும் கீழ்மடையும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு, கல்லைச் சாட்சிப் பொருளாகப் பிடுங்கிக்கொண்டு போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதன்பிறகு மேல்மடைக்காரர்கள் ஒரு கம்பையும் கீழ்மடைக்காரர்கள் ஒரு கம்பையும் வைத்து அளந்து, ஒரே தண்ணீரில் இரண்டு ஆழம் கண்டு, மண்டை உடைத்துக்கொண்டிருந்தோம். பஞ்சவர்ணத்தின் கை யாருடைய கம்பும் அல்ல. நிலமில்லாதவளின் கை பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்பதை இரண்டு மடையும் ஒப்புக்கொண்டன. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்மடையிலிருந்து ஒரு பெண் வந்து டேப்பின் நுனியைப் பிடிக்க வேண்டும், கீழ்மடையிலிருந்து ஒரு பெண் வந்து எண்ணைப் படிக்க வேண்டும், மாயழகு வாசலில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று கண்மாய்ப் பாசனக்காரர்களின் ஆயக்கட்டுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதிக் கைநாட்டு வைத்தோம். பொதுப்பணித்துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இடது கையா வலது கையா என்று மட்டும் கேட்டு, எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். பூசாரி மஞ்சள்துணி கட்ட வந்தபோது, தோல் கீறிவிடும் என்று பஞ்சவர்ணம் மறுத்துவிட்டாள். அதுவும் சரிதான் என்று துணியை மடைக்குக் கட்டினோம்.

ஏழு வருஷத்தில் முதல்முறையாக ஊரில் எல்லாரும் அவளை நிறுத்தி, கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "மத்தியானத்துக்கு மேல கனம் தாங்க முடியலத்தா, ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல" என்று மனசுவிட்டுச் சொன்னாள். கேட்டவர்கள், "நல்லது, நல்லது" என்று சந்தோஷமாக வயலுக்குப் போனார்கள். நாலைந்து முறை அப்படி ஆன பிறகு, பதினாலு, பதினாலரை என்று எண்ணை மட்டும் சொல்லப் பழகினாள்.

கார்த்திகையில் மழை பொய்த்தது. தோல் இறுகத் தொடங்கியதால் ஜெனிபர் அவளை மதுரைக்கு வரச் சொல்லி, பதினைந்து நாள் தினமும் கட்டுப் போட்டு, நீவி, பதினைந்து இஞ்சிலிருந்த கையைப் பன்னிரண்டாக்கி அனுப்பினாள். பஞ்சவர்ணம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கை காற்றாக இருந்தது. சும்மா வீசி வீசி நடந்தாள், அது எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. அதே பதினைந்து நாளில், இரண்டு மடையும் அடைத்துக் கிடந்தபோதே, கண்மாயில் மூன்றடி தண்ணீர் குறைந்திருந்தது. இதுவரை கண்மாய் ஏறினால் கை ஏறும் என்றுதான் நினைத்திருந்தோம். கை இறங்கினால் கண்மாயும் இறங்கும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஊர் தோன்றிய நாளிலிருந்து முதல்முறையாக இரண்டு மடைக்காரர்களும் ஒரே கருத்துக்கு வந்தோம்.

ஆயக்கட்டுத் தலைவர் சேவுகப்பெருமாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பஞ்சவர்ணத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார். ரத்தம் கொடுத்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். பேச்சுக்கு நடுவே தன் முழங்கை மடிப்பைத் தானறியாமல் தடவிக்கொண்டிருந்தார்; அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"அந்த உறையை மட்டும் ஒரு நாப்பது நாளைக்குக் கழட்டி வச்சுரு தாயி. நீவுறதையும் நிப்பாட்டிரு. கதிரு பால் பிடிக்கிற நேரம்."

"கழட்டுனா வீங்கும்ண்ணே."

"அதான் தாயி கேக்குறோம்."

பஞ்சவர்ணம் மிஷினின் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டினாள். உறையில்லாமல் நாற்பது நாள் இருந்தால் கை என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவர்கள் ரத்தம் உடம்பில் ஓடுகிறது. பயிர் காய்ந்தால் ஊரில் யாரும் புதுத்துணி தைக்கப் போவதில்லை. இதோடு, வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், இத்தனை பேர் இத்தனை மரியாதையாகத் தன் முன்னால் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. உறையைத் துவைத்துக் காயவைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

வானத்தில் ஒரு துளி மேகம் இல்லாமல் கண்மாய் ஏறியது. மடையைத் திறந்து விட்டாலும் ஏறியது. பதிமூன்று, பதினாலரை, பதினாறு என்று வெள்ளிக்கிழமைதோறும் கீழ்மடைப் பெண் சத்தமாகப் படிக்க, வாசலில் மாயழகு தலையாட்டினார். பஞ்சவர்ணம் ஜாக்கெட்டின் இடது கையை வெட்டி எறிந்துவிட்டு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டாள். ஒரு கையால் துணி தள்ளித் தைத்தாள். தையற்கோடு கோணலாகப் போனதை நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை, அந்த அளவுக்குப் பெருந்தன்மையாக இருந்தோம். தை கடைசியில் அறுப்பு முடிந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கருகிக் கிடக்க, கொழுமங்கலத்தில் மட்டும் களம் நிறைந்தது. முதல் கட்டு கதிரை மேளத்தோடு கொண்டுபோய் அவள் வாசலில் சாத்திவைத்தோம்.

நாற்பத்தோராம் நாள் பெட்டியைத் திறந்து உறையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் ஏறவில்லை. மதுரைக்குப் போகப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மாயழகு வந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"தங்கச்சி, கோடைக்கும் நாத்துப் பாவிட்டாக. கண்மாயில இம்புட்டுத் தண்ணி கெடக்கே, சும்மா விடுவாகளா? நானும் முப்பது சென்டு குத்தகைக்குப் பிடிச்சிருக்கேன், கீழ்மடைக் கடைசியில. ஆயுசுல மொதத்தடவ எனக்குன்னு ஒரு வாய்க்கா வெட்டியிருக்கேன். நாத்து கிளி மாதிரி நிக்குது."

அவளை யாரும் கேட்கவில்லை. மாயழகுகூடக் கேட்கவில்லை, சந்தோஷத்தைச் சொல்லிவிட்டுப் போக வந்தவர் அவர். சேவுகப்பெருமாள் வந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாள். மாயழகிடம் அவளால் சொல்ல முடியவில்லை, பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள்.

மாசி கடைசியில் கை பத்தொன்பது இஞ்சு. தலையணைமேல் கையை வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். ஒருநாள் முன்கைத் தோலிலிருந்து தெளிந்த நீர் கசிந்து பாயை நனைத்தது. அன்றைக்கே கண்மாய்க் கரையில் இரண்டு இடத்தில் ஊற்றெடுத்தது. இருபது பேர் மணல்மூட்டை சுமந்து கரையை அடைத்தோம். அவளைப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, சோணைமுத்து மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை ஊசி அவள் இடது பெருவிரலில் ஏறியது. மரத்துப்போன விரல், வீங்கியிருந்ததால் ரத்தமும் வரவில்லை, அவளுக்குத் தெரியவே இல்லை. மறுநாள் கை தோள்வரை சிவந்து, தொட முடியாமல் கொதித்து, குளிர்க்காய்ச்சலில் பல் கிட்டியது. கண்மாயும் கொதித்தது. கெண்டையும் கெளுத்தியும் வயிற்றைக் காட்டி மிதந்தன. சுண்ணாம்பு கரைத்து ஊற்றலாமா, மீன் ஏலம் எடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது, வெந்நீர் பாய்ந்தால் நெல் தாங்குமா என்று கரையில் நின்று நாங்கள் மத்தியானம்வரை பேசினோம். மாயழகு மட்டும் குனிந்து தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார், நேரே பஞ்சவர்ணத்தின் வீட்டுக்கு நடந்தார்.

அவர் போனபோது சோணைமுத்து போனை மனைவியின் காதில் வைத்திருந்தார். ஜெனிபரின் குரல் வெளியே கேட்டது. "அக்கா, இப்பவே கெளம்புங்க. கிருமி ரத்தத்துல ஏறிருச்சுன்னா அப்புறம் உங்களக் காப்பாத்த முடியாது. மொதல்ல காய்ச்சல எறக்கணும், அப்புறம் கட்டுப் போட்டுக் கையக் குறைக்கணும். வேற வழி இல்லக்கா."

மாயழகு ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தார். அதற்குள் சேதி தெரிந்து ஊர் கூடிவிட்டது. கோடைப் பயிரில் அப்போதுதான் கதிர் தலைகாட்டியிருந்தது. சேவுகப்பெருமாள் ஆட்டோவுக்குள் குனிந்து மெதுவாகத்தான் பேசினார்.

"மருந்து மாத்திரை எம்புட்டு வேணாலும் எடுத்துக்க தாயி, ஊரே பாத்துக்கிரும். கட்டு மட்டும் கட்டாம வந்துரு. இன்னும் இருபத்தஞ்சு நாளுதான்."

"கட்டத்தாண்ணே போறேன்."

"அப்பப் பயிரு?"

பஞ்சவர்ணம் எங்கள் எல்லாரையும் ஒருதரம் பார்த்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"பயிரு காயட்டும்ண்ணே. நான் இருந்துக்கிறேன்."

மாயழகு தன் தோள்துண்டை எடுத்து நாலாக மடித்து, அந்தக் கைக்கு அடியில் வைத்துவிட்டு, போகலாம் என்று டிரைவரிடம் சொன்னார்.

எட்டு நாள் மருந்து ஏற்றினார்கள், வலது கையில். எட்டாம் நாள் கண்மாய் குளிர்ந்தது. ஒன்பதாம் நாள் கட்டுப் போடத் தொடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்குத்தான் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மடைகளை அடைத்தோம், மடைவாயில் களிமண் பூசினோம், கரையில் ஓர் எலிவளையைக்கூட விட்டுவைக்கவில்லை. தண்ணீர் எந்த வழியாகவும் போகாமல் போய்க்கொண்டிருந்தது. தினமும் காலையில் கரையில் வரிசையாக உட்கார்ந்து, இப்போது விரலில் சுற்றுகிறார்கள், இப்போது முழங்கைக்கு வந்துவிட்டார்கள் என்று மதுரையில் நடப்பதைத் தண்ணீரில் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது நாளில் நடுக்கண்மாய்ச் சேறு வெடித்தது. கடைமடை என்பதால் மாயழகின் முப்பது சென்ட் எல்லாருக்கும் முன்னால் கருகியது. மாட்டை அவிழ்த்து அதில் மேயவிட்டுவிட்டு, வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பஞ்சவர்ணம் பதினொன்றரை இஞ்சு கையோடு திரும்பி வந்தபோது அவளை யாரும் முகத்துக்கு நேரே திட்டவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை டேப் பிடிக்க யாரும் வரவில்லை, ஜாக்கெட்டுத் துணியும் பக்கத்து ஊருக்குப் போனது. அடுத்த ஆவணிவரை பள்ளிக்கூடச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளினாள். அவளால் ஊரே ஒரு போகம் இழந்தது என்றோம். அவளால் ஒரு போகம் விளைந்ததை யாரும் எடுத்துப் பேசவில்லை.

மறு ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. நாற்று விட வேண்டும், மடைக்குச் சண்டை வரப்போகிறது, எங்களுக்கு வேறு வழியில்லை. மாயழகை அனுப்பினோம். ஆட்டோ ஏற்றிவிட்ட பிறகு முதல்முறையாக அவர் அந்த வாசலில் போய் நின்றபோது பஞ்சவர்ணம் உறையைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை இஞ்சுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாக" என்றார்.

"அது என் கை அளவுண்ணே. அதை இனிமே சொல்ல மாட்டேன். கண்மாய் அளவு வேணும்னா கண்மாயில போய்ப் பாக்கச் சொல்லுங்க."

மாயழகு சரி என்று தலையாட்டினார். போகத் திரும்பியவர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கையை விடு தங்கச்சி. உனக்கு எப்படி இருக்கு?"

பஞ்சவர்ணம் மிஷினை நிறுத்தினாள். விரல் மரப்பிலிருந்து தொடங்கினாள். செருப்பு கழன்று போவதை, நெஞ்சு படபடப்பதை, எழுதப் போவதற்குள் மறந்துபோகும் அளவுகளை, மார்பு இருந்த இடத்தில் இன்னும் அரிப்பதை, சொறிய அங்கே ஒன்றும் இல்லாததை, தூங்கி எழுந்தாலும் தீராத அந்த அசதியை, எட்டு வருஷத்தில் ஒவ்வொன்றும் எப்போது வந்தது, எது போனது, எது போகவே போகாது என்பதை ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் அழுதாள், அழுகையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். மாயழகு குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்குக் கண்மாயை யாரும் அளக்கவில்லை.